டீசலில் குளித்த வண்டி

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றது வேலையிலிருந்து அல்ல, டீசல் இன்ஜினிலிருந்து. கார்பனைக் கரைக்கும் திரவங்கள் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கையுறை போட்டாலும் விரலிடுக்குகள் வெடித்தன. தோல் மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து தரலாம்மா. ஆனா நீங்க மறுநாளே போய் அதே டப்பாவைத் திறந்தா நான் என்ன செய்ய?" என்றார். நியாயமான கேள்வி. இப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கிறேன். கை ஆறிவிட்டது.

எங்கள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்த பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன மாதம் அதில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, ஈ.ஜி.ஆர். க்ளீன் பண்ணி அனுப்புற வண்டி திரும்பத் திரும்ப வருது. எங்க தப்பு பண்றேன்?" அடுத்த நிமிடமே இன்னொருத்தி, "எதுக்குடி மண்டையை உடைக்கிற, இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாமே பேட்டரி வண்டிதான்" என்று பதில் போட்டாள். நான் வேலை பார்த்த பட்டறையிலும் டீசல் பிரிவில் பாதியை எடுத்து சார்ஜர் வைத்துவிட்டார்களாம். இருந்தாலும் இந்தச் சாலைகளில் டீசல் வண்டிகள் இன்னும் பல காலம் ஓடும். முதல் பெண்ணுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுவிட்டது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சில வரிகள். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடியும் உள்ளே அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஈ.ஜி.ஆர். என்று பெயர். உள்ளே எரியும் சூட்டைக் குறைத்தால் காற்றைக் கெடுக்கும் ஒரு நச்சு வாயு குறைவாக உருவாகும் என்பதற்காக வைத்தது. எவ்வளவு புகை திரும்பிப் போகலாம் என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கும். அந்தப் புகையில் கரி இருக்கிறது, எதிர்ப்பக்கம் வரும் காற்றில் கொஞ்சம் ஆயில் ஆவி இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் படிந்து படிந்து வால்வு சரியாக மூடாமலோ திறக்காமலோ போகும். வண்டி இழுக்காது, கரும்புகை விடும், கடைசியில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அந்தப் படிவைச் சுரண்டிக் கழுவுவதுதான் அன்று என் வேலையில் பெரும்பகுதி.

படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிப்ளமோ முடித்தேன். ஒரு ஷோரூமில் வரவேற்பு மேசையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். பிறகு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல பிராண்ட் பட்டறையில் இன்ஜின் பக்கம் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே மேலாளராக இருந்தவர் அருள்தாஸ் சார்.

அருள்தாஸ் சார் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எல்லோரையும் "வாங்க, போங்க" என்பார். வண்டியைக்கூட "இவங்க ஏன் இப்படி நடுங்குறாங்க?" என்றுதான் கேட்பார். அவரிடம் இருந்த ஒரே கடுமையான சொல் "அப்படியா?" கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே அதைச் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் தான் சொன்ன பொய்யைத் தொடர்ந்ததில்லை. தொழிலைப் பொறுத்தவரை அவரிடம் வளையாத விதிகள் சில இருந்தன. அவற்றில் எல்லோரும் வெறுத்தது ஒன்று: அதே குறையோடு திரும்பி வரும் வண்டியை முதலில் பார்த்தவர் தொடக்கூடாது. வேறு ஆள்தான் திறக்க வேண்டும். அதுவும் முன்பு யாரும் கை வைக்காத வண்டி போலத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். "முதல் கைக்குத் தன் வேலை மேல நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கை கண்ணை மறைக்கும்" என்பார். இது சரியான விதி. ஆனால் முதல் ஆளுக்கு அது எல்லோர் முன்னாலும் விழுந்த அடி. சார் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படி என் கைக்கு மாறியதுதான் செல்வம் அண்ணனின் வண்டி.

செல்வம் அண்ணன் பொழிச்சலூர்க்காரர். சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து, சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். காலையில் கிழக்குத் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேடவாக்கம் மேம்பாலத்தில் வண்டி இழுக்காமல் ஒருமுறை பாதியில் நின்றது. பின்னால் தண்ணீர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றதாகச் சொன்னார். கம்பெனியின் போக்குவரத்து மேற்பார்வையாளர் புகார் எழுதினார். அப்போதுதான் செல்வம் அண்ணன் எங்களிடம் வந்தார். எங்கள் பட்டறை மெக்கானிக் மோகன் அண்ணன் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரையும் புதிதாக மாற்றி அனுப்பினார். சில வாரங்களில் அதே பாலத்தில் வண்டி மறுபடி திணறியது. இரண்டாவது புகார். மூன்றாவது புகார் வந்தால் அந்த வழித்தடம் வேறு வண்டிக்குப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வண்டிக்கு வங்கித் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியைத் தவிர அவருக்கு வேறு சவாரி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னா மோகனு, நல்லாத் தொடச்சு குடுத்தியே, மறுபடியும் மூச்சு வாங்கிகினு கீது!"

மோகன் அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தார். "நான் தொடச்சது தொடச்ச மாரிதான் இருக்கும். நீ இன்னா பண்ணே, அத்தச் சொல்லு. ஏசி போட்டுகினு கம்பெனி கேட்டாண்ட தூங்கினியா?"

"தெய்வமே, நீ சொன்னதுக்கப்புறம் வண்டிய ஆஃப் பண்ணிட்டுத்தான் நிக்கறேன். வேர்வைல சட்டை புழிஞ்சா ஒரு பக்கெட் தேறும்."

அருள்தாஸ் சார் வெளியே வந்தார். இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம் சாவியைக் கொடுத்தார். "ரேவதி, நீங்க பாருங்க." அவ்வளவுதான். மோகன் அண்ணன் பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

செல்வம் அண்ணன் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வால்வு வாயில ஒரு தகட்ட வெச்சு அடைச்சு வுட்டுடுங்க. பம்மல்ல ஒருத்தன் அரை மணி நேரத்துல பண்ணித் தரேன்றான். கரியும் இல்ல, பேஜாரும் இல்ல."

இது எல்லோரும் கேட்பதுதான். தகடு வைத்தால் வண்டி கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். ஆனால் புகைச் சான்று வாங்கும் வண்டியில் அப்படிச் செய்வது சட்டப்படி தவறு. அதைவிட முக்கியம், நோய் என்னவென்று தெரியாமல் வாயைத் தைப்பது போன்றது அது. கரி எங்கிருந்தோ வருகிறது. வால்வை அடைத்தால் அது வருவது நிற்காது, நமக்குத் தெரிவதுதான் நிற்கும். இதைச் சொன்னேன்.

"திங்கக்கிழம காலைல அந்தப் பாலம் ஏறியாகணும் மேடம். ஏறலைன்னா என் கத முடிஞ்சுது" என்றார். விளையாட்டுப் பேச்செல்லாம் போய்விட்டிருந்தது.

நான் வேலை செய்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்ட பெண்ணுக்கு இதுதான் தேவைப்படும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்கேனரை மாட்டி, வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணினி கேட்கிறது, அது எவ்வளவு திறக்கிறது என்று இரண்டையும் அருகருகே பார்க்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு இன்ஜின் ஆறக் காத்திருக்க வேண்டும். சூட்டில் அவசரப்பட்டுக் கழற்றி போல்ட்டை முறித்தவர்கள் உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனை, வால்வின் மின் இணைப்பு, அதற்குப் பின் போல்ட்டுகள். வால்வு ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நெம்பக்கூடாது, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் போதும். எடுத்தவுடன் திறந்த துவாரத்தைத் துணியால் அடைக்க வேண்டும். துணியின் நீளமான வால் வெளியே தொங்க வேண்டும். அப்போதுதான் மூடும்போது மறக்காது.

இப்போது வால்வைக் கையில் வைத்துக்கொண்டு உடனே டப்பாவைத் திறந்து தெளிக்கத்தான் கை போகும். தெளிக்காதீர்கள். முதலில் பாருங்கள், தொடுங்கள். கரி எல்லாம் ஒரே கரி அல்ல. கருப்பட்டிப் பாகு போல ஈரமாக, விரலில் இழுபட்டு வந்தால் அதில் ஆயில் இருக்கிறது. சும்மா நிற்கும்போது இன்ஜினை ஓடவிடும் வண்டிகளில் அப்படி இருக்கும். விளக்குக் கரி போல உலர்ந்து, ஊதினால் பறந்தால், வண்டிக்குக் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகமாக இறங்குகிறது.

மோகன் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்திருந்தார். என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

"அண்ணா, நீங்க போன தடவை கழட்டினப்போ எப்படி இருந்துச்சு?"

"எப்புடின்னா? தாரு மாரி. ரோடு போடலாம்."

"இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தார். விரலை வைத்துத் தேய்த்தார். உலர்ந்த கரித்தூள். பறந்தது.

"இது வேற கத" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் செய்த வேலை கெட்டுப் போகவில்லை. இது புதிதாக வந்த இன்னொரு நோய்.

காற்று போதவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். ஆனால் அது சில வாரங்களுக்கு முன் மாற்றியது. சாதாரணமாக யாரும் திறக்க மாட்டார்கள். சார் வைத்த விதிப்படி எனக்கு அது புதிய ஃபில்டர் அல்ல, யாரும் பார்க்காத ஃபில்டர். பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த காகித மடிப்புகள் கறுத்து, ஈரமாக, சேற்றில் தோய்த்து எடுத்தது போல இருந்தன. கையில் கனத்தது. முகர்ந்து பார்த்தேன். டீசல்.

செல்வம் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, ஃபில்டரை யாராவது டீசல்ல கழுவினாங்களா?"

"ஃபில்டரையா? அது எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது மேடம்."

"வண்டிக்குப் போன தடவைக்கப்புறம் புதுசா என்னென்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் யோசித்தார். ஒன்றும் இல்லை என்றார். டயரில் காற்று, கண்ணாடிக்கு வைப்பர், சாமி படத்துக்குப் புது மாலை. பிறகு பெருமையோடு, "வாரா வாரம் வாட்டர் சர்வீஸ் வுடறேன். அதுல கொற சொல்ல முடியாது" என்றார்.

"வாரா வாரமா?"

"ஆமா மேடம். திங்கக்கிழம காலைல கேட்டாண்ட சூப்பர்வைசர் எல்லா வண்டிக்கும் பானெட்ட தொறந்து பாப்பாரு. மொத கம்ப்ளெய்ன்ட் வந்ததுலேர்ந்தே இந்த வேலதான். வண்டிய எப்புடி வெச்சுக்கீறேன்னு அவருக்குக் காட்டணும் இல்ல? அதான் ஞாயித்துக்கிழம பம்மல்ல வுட்டு, நல்லா சோப்பு போட்டு, மேல டீசல் அடிச்சு, பளபளன்னு எடுத்துகினு போவேன்."

எங்கள் பக்கத்தில் தண்ணீர் சர்வீஸ் நிலையங்களில் இது பழைய வழக்கம். கழுவி முடித்ததும் டீசலைப் பம்பில் வைத்துப் புகை போல இன்ஜின் மீது அடிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், இரும்பு எல்லாம் புதிது போல மின்னும். தண்ணீர் சீக்கிரம் காயட்டும் என்று பல இடங்களில் இன்ஜினை ஓடவிட்டே அடிப்பார்கள்.

"டீசல் அடிக்கும்போது வண்டி ஓடிட்டு இருக்குமா?"

"ஓடும். அத்தக் கேட்டா நீங்க சிரிப்பீங்க மேடம். டீசல் மேல பட்டவொடனே வண்டி தானா உர்ர்ருன்னு ஏறும். தண்ணி ஊத்தினா கொயந்தைங்க குதிக்கும் இல்ல, அந்த மாரி. குஷியாயிடும் அதுக்கு."

மோகன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், அது குஷி இல்லய்யா. அது குடிக்குது!"

ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கொக்கி வெகுநாளுக்கு முன்பே உடைந்திருந்தது. அங்கே மோகன் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டியிருந்தார். இன்ஜின் சூட்டில் அது தளர்ந்து, மூடிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஒவ்வொரு ஞாயிறும் இன்ஜின் அந்த வழியாக டீசல் புகையை இழுத்திருக்கிறது. டீசலில் நனைந்த காகிதம் வாரம் முழுவதும் தூசியைப் பிடித்துச் சேறாகியிருக்கிறது. வண்டி மூச்சு முட்டி, கரியைக் கக்கி, வால்வை அடைத்துக்கொண்டது. வழித்தடத்தைக் காப்பாற்ற அவர் செய்த காரியம்தான் வண்டியைப் பாலத்தில் நிறுத்தியிருக்கிறது.

இதையெல்லாம் அருள்தாஸ் சாரிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூடி நம்ம கணக்குல புதுசு போட்டுடுங்க. தெரிஞ்சே பட்டை கட்டி அனுப்பினது நாமதான்" என்று செல்வம் அண்ணன் காதுபடவே சொன்னார். மோகன் அண்ணனைப் பார்க்கவில்லை. அதற்கு மோகன் அண்ணன் நன்றியோடு இருந்தாரா, இல்லை அதுவும் வலித்ததா என்று எனக்குத் தெரியாது.

சுத்தம் செய்வது சனிக்கிழமை முழுவதும் நடந்தது. வால்வின் மோட்டார் பாதி மேலே இருக்கும்படி பிடித்து, கீழ்ப் பாதியில் மட்டும் திரவம் தெளித்து ஊறவிட வேண்டும். முழு வால்வையும் முக்கினால் மோட்டார் போய்விடும். சுரண்டுவதற்கு மூங்கில் குச்சி, பழைய பல் துலக்கும் பிரஷ். இரும்பு கூடாது. வால்வு உட்காரும் வட்டத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அது வாழ்நாள் கசிவு. பிறகு புகையைக் குளிர்விக்கும் குழாய், அதன் பிறகு காற்று போகும் மேனிஃபோல்டின் வாய். வால்வை மட்டும் கழுவிவிட்டு இந்த இரண்டையும் விடுவது பாதிக் குளியல். கசிவைத் தடுக்கப் புது கேஸ்கெட், புது ஃபில்டர், புது மூடி. மாட்டிய பின் வால்வின் பழைய நினைவைக் கணினியில் அழித்து, புதிதாகக் கற்கவிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. பிறகு சுத்தம் செய்தும் பயனில்லை என்கிறார்கள்.

மாலையில் வண்டி தயாரானது. செல்வம் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடவே இல்லை. நாங்கள் வெறும் துணியால் துடைத்திருந்தோம். மங்கலாக, தூசி நிறத்தில் இருந்தது.

"இத்த இப்புடியே எடுத்துகினு போனா அந்தாளு இன்னா எழுதுவாரு தெரியுமா? 'மெயின்டனன்ஸ் சரியில்ல'ன்னு எழுதுவாரு. பாலத்துல நின்னாலும் மூணாவது கம்ப்ளெய்ன்ட், இதுவும் மூணாவது. லைட்டா ஒரே ஒரு தடவ அடிச்சுக்கறனே மேடம்? மூடிதான் புச்சாச்சே."

"அடிக்காதீங்க அண்ணா."

"நீங்க ஈசியா சொல்றீங்க."

அது உண்மை. நான் சுலபமாகத்தான் சொன்னேன். அந்த வாசலில் நிற்கப் போவது நானல்ல. அருள்தாஸ் சார் ஸ்கேனரை எடுத்து என்னிடம் நீட்டினார். "ரேவதி, திங்கட்கிழமை அவரோட போயிட்டு வாங்க. ஸ்கேனரை மாட்டிக்கோங்க. அங்க போய் நீங்க பேச வேண்டாம். வண்டி அவரோடது."

திங்கட்கிழமை காலை முன் இருக்கையில் உட்கார்ந்தேன். பின்னால் மூன்று பெண்கள். ஏறியதும் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டார்கள். மேடவாக்கம் மேம்பாலத்தின் அடியில் செல்வம் அண்ணன் பேச்சை நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தில் அவர் வண்டியைத் தோளால் தள்ளுவது போலிருந்தது. நான் ஸ்கேனர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினி கேட்ட அளவும் வால்வு திறந்த அளவும் ஒன்றாக நகர்ந்தன. வண்டி ஏறியது. உச்சியில் அவர், "மூணாவது கியர்லயே வந்துட்டான் மேடம்" என்றார். பின்னால் இருந்த பெண்களுக்கு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

கம்பெனி வாசலில் ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. பெண்கள் இறங்கிப் போனார்கள். மேற்பார்வையாளர், வெள்ளைச் சட்டை போட்ட நடுத்தர வயதுக்காரர், ஒவ்வொரு பானெட்டாகத் திறந்து வந்தார். எங்கள் வண்டியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். விரலைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன செல்வம்? ரெண்டு புகார் வாங்கியும் வண்டியைக் கவனிக்கிற மாதிரி தெரியலையே."

செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேனர் கம்பியைச் சுருட்டினேன்.

"கவனிச்சதாலதான் சார் தூசியாக் கீது" என்றார். மேற்பார்வையாளர் முறைத்தார். செல்வம் அண்ணன் ஃபில்டர் பெட்டியைக் காட்டி, டீசல் அடித்தது, வண்டி உறுமியது, அது குஷி என்று தான் நினைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "பளபளன்னு நீங்க பாக்கணும்னு அடிச்சேன் சார். அதான் பாலத்துல நின்னுச்சு. இனிமே அடிக்க மாட்டேன். புகார் எழுதறதுன்னா எழுதிக்கோங்க."

மேற்பார்வையாளர் அடுத்த வண்டிக்குப் போனார். அதன் இன்ஜின் கண்ணாடி போல மின்னியது. குனிந்து முகர்ந்தார்.

"நீயும் டீசல் அடிக்கிறியா?"

"ஆமா சார்" என்றார் அந்த டிரைவர். "பளிச்சுனு இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். திரும்பி வந்து செல்வம் அண்ணனின் பானெட்டைத் தானே இறக்கி மூடினார். "சாயந்தரம் டிரிப்புக்கு லேட்டா வராதே" என்றார்.

செல்வம் அண்ணன் அதன் பிறகு ஆயில் மாற்றுவதற்கு மட்டுமே எங்களிடம் வந்தார். அந்த வரிசையில் நின்ற மற்ற வண்டிகள் அடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாக வால்வு சுத்தம் செய்ய வந்தன. மோகன் அண்ணன்தான் பெரும்பாலானவற்றைப் பார்த்தார். எதுவும் அதே குறையோடு திரும்பி வரவில்லை. எந்த வண்டியும் என் கைக்கு மாறவில்லை.